சாய்ந்த படத்தை எங்கே நிமிர்த்துவது: போனிலா, கணினியிலா, ஏற்றிய பிறகா?

செங்கத்தை அடுத்த ஒரு சிற்றூரின் ஏரிக்கரையில் மண்ணில் புதைந்து கிடந்த நடுகல் ஒன்றை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து கழுவி, அதில் பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் இருந்த வரிகளுக்கு மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி, மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுத்தோம். காய்ந்த தாளை ஒரு வீட்டுத் திண்ணையில் விரித்து, நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்து, குனிந்து நின்று போனில் படம் பிடித்தேன். கல்லையும் படம் எடுத்தேன். மொத்தம் 41 படங்கள். அன்றிரவே இணையத்தில் ஏற்றினேன். மறுநாள் காலையில், கல்வெட்டு வாசிப்பில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான ஐயா ஒருவர் அழைத்தார். “படங்கள் எல்லாம் படுத்துக் கிடக்கின்றன, தம்பி. போனைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பிக்கொள்கிறது. நான் எப்படி வாசிப்பேன்?”

தாளில் அச்சடித்த படமாக இருந்தால் அவர் திருப்பிப் பிடித்திருப்பார். போன் திரையில் அது நடக்காது. கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். வட்டெழுத்தில், அதுவும் பிற்கால வட்டெழுத்தில், ‘ப’வும் ‘வ’வும் ஒன்றுபோலவே தெரியும், கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். அந்த எழுத்தைக் கால் சுற்றுத் திருப்பிக் காட்டினால் பழகிய கண்ணும் தடுமாறும். நான் ஏற்றிய படம் அவருக்குப் பயன்படவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் போல இந்த ஒரே விஷயத்தை விடாமல் பார்த்தேன். சாய்ந்த படத்தை நிமிர்த்த ஆறேழு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அந்த 41 படங்களிலேயே செய்துபார்த்தேன். எந்த வழி யாருக்கு ஏற்றது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சாய்ந்த படங்களில் இரண்டு வகை உண்டு. என் 41 படங்களில் 29 படங்கள் என் போனில் நேராகவே இருந்தன. இணையத்தில் ஏறிய பிறகே படுத்தன. மீதி 12 படங்கள் போனிலேயே சாய்ந்துதான் இருந்தன. அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. பெரும்பாலோர் இதைப் பிரிக்காமல் கைக்குக் கிடைத்த வழியைச் செய்துபார்த்துவிட்டு, “சரி செய்தேன், மறுபடியும் சாய்ந்துவிட்டது” என்று சலித்துக்கொள்கிறார்கள்.

முதல் வகையைப் பார்ப்போம். போன் கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சார், போனைப் படுக்கையாகப் பிடித்து எடுப்பதற்கு ஏற்பப் பொருத்தப்பட்டது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் அது படத்தைப் படுக்கையாகவே பதிவு செய்கிறது. பிறகு கோப்பின் தலைப்பகுதியில் ஒரு சிறு குறிப்பை எழுதிவைக்கிறது: ‘காட்டும்போது வலப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பிக் காட்டு’. அந்தக் குறிப்பு ஒரே ஓர் எண். 1 என்றால் உள்ளபடி காட்டு. 3 என்றால் தலைகீழாகத் திருப்பு. 6 என்றால் வலப்பக்கம் கால் சுற்று. 8 என்றால் இடப்பக்கம் கால் சுற்று. 2, 4, 5, 7 ஆகியவை கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாற்றிக் காட்டச் சொல்பவை. போன் படங்களில் அரிதாகவே வரும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில் அநேகமாக 6 என்றுதான் இருக்கும்.

இந்த எண்ணுக்கு ஓரியன்டேஷன் என்று பெயர். 1992இல் வெளிவந்த டிஃப் என்ற படக் கோப்பு வகையின் 6.0 வரையறையிலேயே 274ஆம் குறிப்பாக இது இருக்கிறது. ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1995இல் படத்தின் விவரங்களையும் கோப்பிலேயே எழுதிவைக்கும் எக்ஸிஃப் முறையைக் கொண்டுவந்தபோது டிஜிட்டல் கேமராக்களின் ஜேபெக் (jpg) கோப்புகளுக்கும் இது வந்து சேர்ந்தது. ஆக, முப்பது ஆண்டுப் பழக்கம். இருந்தும் எல்லா மென்பொருளும் இதைப் படிப்பதில்லை. விண்டோஸ் 7இல் இருந்த படம் பார்க்கும் செயலி இந்த எண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. குரோம் உலாவி 2020 ஏப்ரலில் வந்த 81ஆம் பதிப்பில்தான் இணையப் பக்கத்துக்குள் இருக்கும் படங்களுக்கு இந்த எண்ணை இயல்பாகவே மதிக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு, ஒரே படம் தனியாகத் திறந்தால் நேராகவும் பக்கத்துக்குள் பார்த்தால் சாய்ந்தும் தெரியும்.

இன்றைக்கு உலாவிகள் திருந்திவிட்டன. கோளாறு இப்போது வேறிடத்தில் நடக்கிறது. நாம் ஏற்றும் படத்தைப் பல தளங்கள் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அளவைக் குறைத்து, புதிய ஜேபெக் ஒன்றை உருவாக்குகின்றன. அப்போது தலைப்பகுதிக் குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடுகின்றன. குறிப்பு போய்விட்டது, படமோ சென்சார் பதித்தபடி படுத்தே கிடக்கிறது. இனி எந்த உலாவிக்கும் அதைத் திருப்ப வேண்டும் என்று தெரிய வழியில்லை. என் 29 படங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

இரண்டாம் வகை வேறு கதை. போன் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்பதைப் புவியீர்ப்பை உணரும் ஒரு சிறு கருவிதான் சொல்கிறது. போனைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் ஈர்ப்பு திரையின் ஒரு விளிம்பை நோக்கி இழுக்கும்; எது கீழ் என்று கருவிக்குத் தெரியும். தரையில் விரித்த தாளுக்கு மேலே போனைப் படுக்கையாகப் பிடித்தால் ஈர்ப்பு திரையை ஊடுருவிக் கீழே போகிறது. நான்கு விளிம்பில் எது கீழ் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. போன் கடைசியாக எந்தத் திசையில் இருந்ததோ அதையே எழுதிவிடும், அல்லது கையின் சிறு சாய்வைப் பிடித்துக்கொள்ளும். மைப்படி மட்டுமல்ல, மேசையில் வைத்த மதிப்பெண் சான்றிதழ், ஓலைச்சுவடி, வாசலில் போட்ட மார்கழிக் கோலம், இலையில் பரிமாறிய சாப்பாடு என்று மேலிருந்து எடுக்கும் எல்லாப் படத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. கோலம் சாய்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. விண்ணப்பத்தோடு ஏற்றிய சான்றிதழ் சாய்ந்தால் ‘தெளிவாக இல்லை’ என்று திரும்பி வரும்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

போன் கேலரியில் திருப்புவது

எல்லோரும் முதலில் செய்வது இது. படத்தைத் திறந்து, திருத்தும் பகுதிக்குப் போய், சுழற்றும் பொத்தானை அழுத்தி, சேமித்தால் முடிந்தது. இரண்டாம் வகைப் படங்களுக்கு, அதாவது போனிலேயே சாய்ந்து தெரியும் படங்களுக்கு, இது நேரான மருந்து. ஒன்றிரண்டு படம் ஏற்றுகிறவர் இதற்கு மேல் போக வேண்டியதில்லை.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. சில கேலரி செயலிகள் சுழற்றச் சொன்னால் படத்தைத் தொடாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றி எழுதிவிடுகின்றன. போனில் நேராகத் தெரியும். குறிப்பைத் தூக்கிப் போடும் தளத்தில் ஏற்றினால் மறுபடியும் சாயும். முதல் வகைக் கோளாறு உள்ளவர்கள் கேலரியில் நான்கு முறை சுழற்றி மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து சேமித்துப் பார்ப்பதும் இதனால்தான் பலிக்காமல் போகிறது.

அதற்கு எளிய மாற்று: சுழற்ற வேண்டியிருந்தால் சுழற்றி, ஓரத்தையும் ஒரு துளி வெட்டுங்கள்; போனில் நேராகவே தெரிந்தால் வெட்டினால் மட்டும் போதும். நான்கு பக்கத்திலும் வேண்டாம். ஒரு பக்கத்தில் நூலளவு போதும். வெட்டிய படத்தைச் சேமிக்க வேண்டுமானால் செயலி புதிதாகப் படத்தை எழுதியே ஆக வேண்டும். அப்போது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற நிலையிலேயே பதித்துவிடும். என் 29 படங்களில் ஐந்தை இப்படி வெட்டி ஏற்றிப் பார்த்தேன். ஐந்தும் நேராக நின்றன. வீட்டு விசேஷப் படம், விற்பனைக்கு வைத்த சேலையின் படம், விண்ணப்பத்துக்கான சான்றிதழ் ஆகியவற்றை ஏற்றுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். தனிச் செயலி வேண்டாம், கணினி வேண்டாம், காசு வேண்டாம்.

மைப்படிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரத்தில் அரை எழுத்து நின்றிருந்தால் அதுவும் போய்விடும். கல்வெட்டில் அரை எழுத்துக்கும் மதிப்பு உண்டு.

திரைப்பிடிப்பும் வாட்ஸ்அப்பும்

போன் திரையில் நேராகத் தெரியும் படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து அதை ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். இன்னும் சிலர் தமக்குத்தாமே வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்த படத்தை எடுத்து ஏற்றுகிறார்கள். இரண்டும் நிமிர்த்திவிடும், ஐயமில்லை. திரையில் தெரிந்த நிலையே புதிய படமாகிறது. வாட்ஸ்அப்பும் படத்தைப் புதிதாகச் சுருக்கி எழுதும்போது நேராகவே எழுதுகிறது.

விலை அதிகம். போன் கேமரா தந்தது 4032க்கு 3024 புள்ளிகள், அதாவது ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். திரைப்பிடிப்பில் கிடைப்பது திரையின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான். பெரும்பாலான போன்களில் 1080 புள்ளிகள் போல. ஐயா படத்தைப் பெரிதாக்கி ஒரு எழுத்தின் வளைவைப் பார்க்க முயன்றால் அங்கே சதுரம் சதுரமாகச் சிதறல்தான் தெரியும். எடுத்த நாள், இடம் எல்லாம் போய்விடும். அவசரத்துக்கு ஒரு வழி என்பதற்கு மேல் இதற்கு மதிப்பில்லை. ஆவணம் எதற்கும் இதைச் செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போகும். தரம் குறையாது. ஆனால் 6 என்ற குறிப்பும் கூடவே போகும். ஆகவே சாய்வுக் கோளாறு தீராது. நண்பருக்கு மூலப் படத்தைக் கைமாற்ற இது நல்ல வழி, நிமிர்த்துவதற்கு அன்று.

எண்ணை மட்டும் திருத்துவது

எக்ஸிஃப்டூல் என்றொரு இலவச மென்பொருள் உண்டு. ஃபில் ஹார்வி என்பவர் எழுதியது. படக் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும் எந்தக் குறிப்பையும் படிக்கவும் மாற்றவும் அதனால் முடியும். பொத்தான்கள் கிடையாது, கட்டளை தட்டச்ச வேண்டும். பழகிவிட்டால் நூறு படத்தை ஒரே வரியில் திருத்தலாம்.

என் 12 மைப்படிப் படங்களில் எண் தவறாக இருந்தது. 6 இருக்க வேண்டிய இடத்தில் சிலவற்றில் 1, சிலவற்றில் 3. அந்த எண்ணை மாற்றினேன். படத்தின் ஒரு புள்ளியையும் தொடவில்லை. மாற்றுமுன் மூலக் கோப்பின் நகலையும் அது தானாகவே வைத்துக்கொள்கிறது. காப்பகத்தில் வைக்கும் மூலப் படத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான திருத்தம் வேறில்லை.

இதன் குறை வெளிப்படையானது: எண்ணை மதிக்கும் இடத்தில்தான் படம் நேராக நிற்கும். குறிப்பைத் தூக்கிப் போடும் தளத்தில் இதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே ஏற்றுவதற்கான வழியாக இதைப் பார்க்காதீர்கள். அடுத்து வரும் வழிக்கு இது முதல் படி.

தரம் குறையாமல் திருப்புவது

என் மனத்துக்கு மிகவும் பிடித்த வழி இது. எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரணப் படத்திருத்தியில் ஜேபெக்கைத் திறந்து, திருப்பி, சேமித்தால், படம் ஒருமுறை பிரிக்கப்பட்டு மறுபடியும் சுருக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுணுக்கம் தேயும். எழுத்தின் விளிம்பில், கறுப்பு மைக்கும் வெள்ளைத் தாளுக்கும் நடுவே, சாம்பல் நிறப் பொடிகள் தூவியதுபோல் ஒரு கலங்கல் வரும்.

ஜேபெக் படம் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. பாய் முடைந்ததுபோல் கட்டம் கட்டமாக இருக்கும். படத்தைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டுமானால் ஒவ்வொரு கட்டத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. சுருக்கிய நிலையிலேயே கட்டத்துக்குள் இருக்கும் எண்களை இடம் மாற்றி, கட்டங்களையும் இடம் மாற்றி அடுக்கினால் போதும். எந்தப் புள்ளியும் மறுபடி கணக்கிடப்படுவதில்லை. ஆகவே எதுவும் தேய்வதில்லை. திருப்பிய படத்தை மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பினால் பழைய படம் அப்படியே கிடைக்கும்.

ஜேபெக்டிரான் என்ற சிறு நிரல் இதைச் செய்கிறது. கட்டளை தட்டச்சத் தயங்குகிறவர்களுக்கு விண்டோஸில் இர்ஃபான்வியூ இருக்கிறது. அதன் கூடுதல் நிரல்களையும் நிறுவிக்கொண்டு ஷிஃப்டும் ஜேயும் சேர்த்து அழுத்தினால் தரம் குறையாமல் திருப்பும் பெட்டி திறக்கும். எக்ஸிஃப் குறிப்பைப் பார்த்துத் தானாகவே திருப்பும் வசதியும் அந்தப் பெட்டியிலேயே உண்டு. லினக்ஸில் எக்ஸிஃப்டிரான், ஜேஹெட் என்ற நிரல்கள் எண்ணைப் படித்து, படத்தைத் திருப்பி, எண்ணை 1 ஆக்கியும் விடுகின்றன.

அந்தக் கடைசி வேலை முக்கியமானது. படத்தைத் திருப்பிவிட்டு எண்ணை 6 ஆகவே விட்டுவிட்டால், எண்ணை மதிக்கும் உலாவி நேரான படத்தை இன்னொரு கால் சுற்றுத் திருப்பும். நேற்று இடப்பக்கம் சாய்ந்த படம் இன்று வலப்பக்கம் சாயும். வெறும் ஜேபெக்டிரானை மட்டும் பயன்படுத்தியபோது எனக்கு முதலில் நேர்ந்தது இதுதான். ஐபோனின் ஹெய்க் (HEIC) வகைப் படக் கோப்புகளை ஜேபெக்காக மாற்றும் சில நிரல்களிலும் இதே இரட்டைத் திருப்பல் நடக்கிறது. திருப்பிய கையோடு எண் 1 ஆகியிருக்கிறதா என்று எக்ஸிஃப்டூலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. போன் படங்களில் நிறத் தகவல் பாதியாகக் குறைத்து வைக்கப்படுவதால் கட்டத்தின் உண்மையான அளவு பெரும்பாலும் 16க்கு 16 புள்ளிகள். படத்தின் அளவு 16ஆல் மீதியின்றி வகுபட்டால் எல்லாம் சுத்தமாகத் திரும்பும். 4032ஐ 16ஆல் வகுத்தால் 252. 3024ஐ வகுத்தால் 189. மீதி இல்லை. ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்கள் 4000க்கு 3000 என்ற அளவில் எடுக்கின்றன. 4000 சரியாக வகுபடும், 250. 3000 வகுபடாது, 187 கட்டம் போக 8 வரிசைப் புள்ளிகள் மீதி. வலப்பக்கமாகத் திருப்பும்போது அந்த 8 வரிசை விளிம்பில் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது நாம் சொன்னால் நறுக்கப்பட்டுவிடும். 3000இல் 8 என்பது மயிரிழை. எழுத்து அந்த விளிம்பு வரை வரவில்லை என்றால் நறுக்கிவிடலாம். வரும் என்று தோன்றினால் படம் எடுக்கும்போதே சுற்றிலும் ஒரு விரல் அளவு இடம் விட்டு எடுங்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் மைப்படியைச் சுற்றித் திண்ணையின் தரையும் தெரியும்படிதான் எடுக்கிறேன்.

மறுபடி சுருக்கினால் அவ்வளவு கெடுதலா?

இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உயர்ந்த தர அளவில் ஒரே ஒருமுறை மறுபடி சுருக்கினால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. என் படத்தையே இரண்டு வகையிலும் திருப்பி, ஒரு எழுத்தைத் திரை நிறையும் அளவுக்குப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தேன். எது எது என்று சொல்ல முடியவில்லை. ஏழெட்டு முறை திறந்து மூடிச் சேமித்த படத்தில்தான் கலங்கல் தெரிந்தது.

ஆகவே நூற்றுக்கணக்கான சாதாரணப் படங்களை நேராக்கி, அதோடு அளவையும் குறைத்து ஏற்ற வேண்டியவர்கள் தயங்காமல் இமேஜ்மேஜிக் போன்ற நிரலைப் பயன்படுத்தலாம். எண்ணைப் படித்துத் தானாக நிமிர்த்தும் கட்டளை அதில் உண்டு. ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே வரியில் முடித்துவிடும், எண்ணையும் 1 ஆக்கிவிடும். எப்படியும் அளவைக் குறைக்கும்போது மறுசுருக்கம் நடக்கத்தானே போகிறது. தரம் குறையாத திருப்பலுக்கு அங்கே பொருளில்லை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: அந்த மென்பொருளின் மோக்ரிஃபை கட்டளை மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். நகல் கோப்புறையில்தான் அதை இயக்க வேண்டும்.

ஏற்றிய பிறகு திருப்புவது

சில தளங்களில் ஏற்றிய பிறகும் சுழற்றும் வசதி இருக்கிறது. விக்கிப்பீடியாவுக்கான பொதுப் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றிய படம் சாய்ந்திருந்தால் கோப்புப் பக்கத்திலேயே சுழற்றக் கோரலாம். எத்தனை பாகை என்று சொன்னால் ஒரு தானியங்கி அதைத் திருப்பிப் புதிய பதிப்பாக ஏற்றும். பழைய பதிப்பு வரலாற்றுப் பட்டியலில் நிற்கும். படத்தை ஏற்றியவர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை; பார்த்த பிறரும் கேட்கலாம். பொதுச் சொத்தான படங்களுக்கு இது அருமையான ஏற்பாடு.

அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த விஷயம் முழுவதையும் விளக்கும். 2011 அக்டோபரில் அந்தத் தளத்தை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் 1.18ஆம் பதிப்பு நிறுவப்பட்டபோதுதான் காமன்ஸ் எக்ஸிஃப் எண்ணை மதிக்கத் தொடங்கியது. அதுவரை சாய்ந்து கிடந்த படங்கள் நிமிர்ந்தன. ஆனால் அதற்கு முன்பே தம் கையால் படத்தைத் திருப்பி, எண்ணை மாற்றாமல் விட்டவர்களின் படங்கள், அன்றுவரை நேராக இருந்தவை, ஒரே நாளில் சாய்ந்தன. யாரும் அந்தப் படங்களைத் தொடவில்லை. உள்ளே தவறாகக் கிடந்த ஒரு எண் அவ்வளவு நாள் காத்திருந்து வெளிப்பட்டது. சுழற்றும் தானியங்கிக்கு வேலை குவிந்துவிட்டது.

‘இப்போது நேராகத் தெரிகிறதே, போதும்’ என்று நான் யாரையும் விட்டுவிடச் சொல்லாததற்கு இதுதான் காரணம். இன்றைய தளம் நாளை மாறும். படப் புள்ளிகளும் நிமிர்ந்து, எண்ணும் 1 என்று இருந்தால் மட்டுமே எந்தத் தளத்திலும் எந்த ஆண்டிலும் படம் நேராக நிற்கும்.

சொந்தமாகத் தளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்றுகிற ஆயிரம் பேருக்கும் பாடம் எடுப்பதைவிட உங்கள் தள நிரலில் ஒரு வரி சேர்ப்பது எளிது. வேர்ட்பிரஸ் 2019 நவம்பரில் வந்த 5.3ஆம் பதிப்பிலிருந்தே ஏறும் படங்களைத் தானாக நிமிர்த்துகிறது; பழைய பதிப்பில் இருப்பவர்கள் புதுப்பித்தாலே போதும். பைத்தானில் பில்லோ நூலகத்திலும் எண்ணைப் படித்து நிமிர்த்தும் செயற்கூறு ஆயத்தமாக இருக்கிறது. அளவைக் குறைக்கும் முன், குறிப்புகளை நீக்கும் முன், முதலில் நிமிர்த்த வேண்டும். அந்த வரிசை மாறினால் எல்லாம் மாறும்.

இடக் குறிப்பைப் பற்றி

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதையும் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதே தலைப்பகுதியில்தான் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். வெட்டுவது, திரைப்பிடிப்பு, வாட்ஸ்அப் ஆகிய வழிகளில் சில இதை நீக்கிவிடும், சில நீக்காது. தரம் குறையாமல் திருப்பும் நிரல்கள், வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்ளும்.

வீட்டில் எடுத்த படத்தில் அது இருக்கவே கூடாது. ஆனால் கல்வெட்டுப் படத்தில் அதுதான் பெரிய செல்வம். பத்து ஆண்டு கழித்து ஏரிக்கரை உயர்த்தப்பட்டு, கல் மறைந்துபோனால், அது எங்கே நின்றது என்று சொல்ல அந்த எண்கள் மட்டுமே இருக்கும். அதே நேரத்தில், காவலில்லாத இடத்தில் நிற்கும் சிற்பத்தின் துல்லியமான இடத்தை ஊருக்கெல்லாம் காட்டுவது ஆபத்து. நம் ஊர்ச் சிலைகள் எங்கெல்லாம் கடத்தப்பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே நாங்கள் இரண்டு கோப்பாக வைக்கிறோம். மூலத்தில் எண்ணை மட்டும் எக்ஸிஃப்டூலால் திருத்தி, இடக் குறிப்போடு, இரண்டு வன்தட்டில் காக்கிறோம். பொதுவில் ஏற்றுவது, தரம் குறையாமல் திருப்பி, இடக் குறிப்பை மட்டும் நீக்கிய நகல். ஆய்வாளர் யாராவது கேட்டால் மூலத்தைத் தருகிறோம்.

அந்த 41 படங்களையும் இந்த முறையில் செய்து முடிக்க ஒரு மாலை ஆனது. மறுபடி ஏற்றிய அன்று ஐயா மூன்று வரிகளையும் வாசித்து அனுப்பினார். நாங்கள் ‘வ’ என்று எழுதி வைத்திருந்த ஓர் எழுத்தை அவர் ‘ப’ என்று திருத்தியிருந்தார்.

ஒரு படத்துக்கு மட்டும் இந்த வழிகள் எதுவும் உதவவில்லை. கல்லின் பின்பக்கத்தில் ஓரிடத்தை மிக நெருக்கமாக எடுத்திருந்தேன். உளிக் கோடுகள் நான்கு, ஒரு வளைவு, அவ்வளவுதான். கல்லே சாய்ந்து கிடந்ததால் போன் எழுதிய எண்ணுக்குப் பொருளில்லை. எது மேல், எது கீழ் என்று எனக்கே நினைவில்லை. நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நான்கும் எழுத்துப் போலவே தெரிந்தன. அந்தப் படத்தை மட்டும் மறுபடி ஏற்றவில்லை.

இப்போது களத்துக்குப் போகும்போது, தீப்பெட்டி அளவு வெள்ளை அட்டை ஒன்றில் மேல்நோக்கி அம்புக்குறி வரைந்து, பக்கத்தில் சென்டிமீட்டர் அளவும் குறித்து, சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். எழுத்தின் தலைப்பக்கம் எதுவோ அந்தப் பக்கம் அம்பு பார்க்கும்படி கல்லின் ஓரத்தில் அதை வைத்துவிட்டுத்தான் படம் எடுக்கிறேன்.